தபசுகாலத்தில் ஒரு மிடறு

நான் வங்காலைக்காரி. மீன் வாடையில் பிறந்து மீன் வாடையில் வளர்ந்தவள். செவுளைத் திறந்து பார்க்காமலே, இது இன்றைக்குப் பிடித்த மீனா நேற்றுப் பிடித்ததா என்று மூக்கை வைத்துச் சொல்லிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நடந்த அத்தனைக்கும் இந்த மூக்கும் அதற்குக் கீழே இருக்கிற நாக்கும்தான் காரணம்.

மன்னார்த் தீவில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வலை இல்லை, வள்ளம் இல்லை. முந்திரிகை இருந்தது. திராட்சையைத்தான் எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். "மன்னாரிலே முந்திரிகையோ?" என்று கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. உப்புக் காற்றும் கழுதையும் பனையும் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அந்த வளவில் நாலு தலைமுறையாகக் காய்த்தது. நானே என் கையால் பறித்திருக்கிறேன்.

முதல் கொடியைக் கொண்டுவந்தவர் என் மாமாவின், அதாவது என் புருஷனுடைய தகப்பனாரின், பாட்டனார். வள்ளம் கட்டுகிற தச்சர். யாழ்ப்பாணத்தில் ஒரு சுவாமியின், அதுதான் பாதிரியாரின், வீட்டில் வேலை செய்தபோது, கூலியோடு மூன்று கொடித் தண்டும் கேட்டு வாங்கி, வாழைத் தண்டுக்குள் செருகி, வத்தைத் தோணியில் கொண்டுவந்து நட்டாராம். இரண்டு பட்டுப்போய்விட்டன. மூன்றாவதும், ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் தொடங்கும்போது காய்ந்த குச்சியாய் நின்றது. அவர் அதற்கு முன்னால் முழங்காலில் இருந்து நேர்த்தி வைத்தார். இது துளிர்த்தால், விபூதிப் புதன் தொடங்கிப் பாஸ்கு வரை என் வீட்டில் ஒருவரும் இதன் பழத்தையோ, பழத்தைப் பிழிந்து நுரைக்கவிட்ட இரசத்தையோ நாக்கில் வைக்க மாட்டோம் என்று. பாஸ்குக் கிழமையில் அது துளிர்த்தது. துளிர்க்கிற காலத்தில் துளிர்த்திருக்கும் என்பது என் எண்ணம். அதை அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திராது.

அவருடைய மகன், அதாவது மாமாவின் தகப்பனார், கிணறு வெட்டினவர். தீவில் எங்கே தோண்டினாலும் உவர்தான். அவர் ஏழு இடத்தில் தோண்டி, ஊர் சிரிக்கச் சிரிக்க எட்டாவது இடத்தில் நல்ல தண்ணீர் கண்டார். அந்த ஏழு குழியும் வளவில் அப்படியே கிடந்தன. ஒன்றில் நான் பூசணி போட்டேன். அந்த வீட்டு ஆண்கள் கொடி நட்ட இடத்திலேயே பிடிவாதத்தையும் நட்டிருக்கிறார்கள் என்று என் புருஷனிடம் சொல்வேன். அவர் சிரிப்பார். அவருக்கு மட்டும் அது பயிராகவில்லை. தலைமன்னார்த் துறையில் றெயில் கந்தோரில் வேலை. சனி பின்னேரம் வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். "ஐயா சொன்னாச் சரி" என்பதுதான் அவருடைய பேச்சில் பாதி.

ஆகவே கொடிப் பந்தலுக்குக் கீழே கிழமைக்கு ஆறு நாள் நின்றவர்கள் மாமாவும் நானும்தான். மாமி நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா நெடிய மனுஷன், மீசைக்காரர், இடுப்பில் எப்போதும் பொடிமட்டை. பொடி போட்டுப் போட்டு அவர் மூக்குச் செத்துப்போயிருந்தது. கருவாடு கருகினாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் நாக்கு இருந்ததே, அது வேறு நாக்கு. ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, இது எந்தப் பந்தல் மூலையில் காய்த்தது என்று சொல்வார்.

அந்த வீட்டு இரசம் கோவிலுக்கு மட்டும்தான். பூசைக்கு. சீனி ஒரு மணி போடக்கூடாது, தண்ணீர் ஒரு சொட்டு விடக்கூடாது, வேறு பழம் கலக்கக்கூடாது. பழத்தில் இருந்து வந்தது மட்டுமே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பூசை பூசையாகாது. அரசாங்கக் கச்சேரியில் இருந்து துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடுதாசி, 'கோவில் தேவைக்கு மாத்திரம்' என்று, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. சாராயக் குத்தகைக்காரரின் ஆட்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தால் மாமா பேசமாட்டார், அதைத்தான் கையால் காட்டுவார்.

சாடி மூன்று. பெரியது, நடுவிலது, சின்னது. மூன்றும் கப்பலில் வந்த பழைய சீனச் சாடிகள். பெரியதும் நடுவிலதும் கரையோரத்துக் கோவில்களுக்குப் போத்தல் போத்தலாகப் போகும். சின்னது பாட்டனாரின் சாடி. பாஸ்குவுக்கு முந்திய பெரிய வியாழன் பூசைக்கு எங்கள் கோவிலுக்கு அதில் இருந்துதான் போகவேண்டும் என்பது வழக்கம்.

பழத்தைப் பிழிந்து சாடியில் விட்டால் நுரைக்கத் தொடங்கும். நுரைக்கும்வரை வாயில் சீலைதான் கட்டலாம். நுரை அடங்கி, இனிப்புப் போய், நாக்கின் இரண்டு ஓரமும் இழுக்கிற பதம் வந்தவுடன் வாய் முட்ட நிரப்பி, பலகை வைத்து, மெழுகால் அடைத்துவிட வேண்டும். அந்தப் பதத்தை நாக்கு மட்டும்தான் சொல்லும். அவசரப்பட்டு அடைத்தால் சாடி வெடிக்கும். மாமாவின் தகப்பனார் ஒருமுறை குத்துமதிப்பாக அடைத்து, நாலாவது சாடி ஒன்று வெடித்த கறை அந்த அறைச் சுவரில் அப்போதும் இருந்தது. பிந்தி அடைத்தாலோ காற்றுப் பட்டுப் புளித்து வினாகிரியாகிவிடும். தை மாதம் பழம் பறித்தால் விபூதிப் புதனுக்கு முன்பே இதெல்லாம் முடிந்துவிடும். அதனால் நாலு தலைமுறையாக நேர்த்தியும் நாக்கும் ஒன்றோடொன்று மோதாமல் ஓடிவந்தன.

உலக யுத்த காலத்தில் ஒரு வருடம் மோதின.

சீமையில் இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த பூசை இரசம் கப்பல் இல்லாமல் நின்றுபோயிற்று. அடம்பன் பக்கத்தில் இருந்து வங்காலை வரை எங்கள் சுவாமி சுற்றிவருகிற கோவில்கள் எல்லாவற்றிற்கும் எங்கள் மூன்று சாடியை விட்டால் வேறு வழி கிடையாது. அடுத்த பழம் ஆவணியில்தான். இந்தச் சாடிகள் கெட்டால் பாஸ்குவில் இருந்து ஆவணி வரை கரை முழுக்கப் பூசை இல்லை. சுவாமி அதை எங்கள் முற்றத்தில் நின்று சொன்னார். மாமா நெஞ்சில் கைவைத்து, "நாலு தலைமுறையா இந்த வீட்டு இரசம் கெட்டதில்லை சுவாமி, யோசியாதேங்கோ" என்றார். அவர் அதைச் சொன்ன மிடுக்கு எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த வருடம் மாரி மழை விட மனமில்லாமல் தைக்குள்ளும் பெய்தது. பழம் பிந்தியது, குறைந்தும் போனது. தபசுகாலமோ முந்தி வந்தது. நாங்கள் பிழிந்து விட்டு நாலாம் நாள் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று சாடியும் பொங்கி நுரைத்துக்கொண்டு நிற்கின்றன. சின்னச் சாடி முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தது.

"இனி என்ன மாமா செய்யிறது?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? சீலையை இறுக்கிக் கட்டு. பாஸ்கு அண்டைக்கு ருசிச்சுப் பாத்து அடைப்பம்."

"நாப்பது நாளுக்கு மேல கிடக்குமே?"

"ஆண்டவர் வனாந்தரத்தில நாப்பது நாள் கிடந்தவர். இது கிடக்காதோ?"

ஆண்டவர் சாடிக்குள் கிடக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

தபசுகாலத்தின் மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை. தாராபுரத்தில் இருந்து ஒரு முஸ்லிம் ராத்தா கொடிக்குக் கழுதைச் சாணம் கொண்டுவருவார். இரண்டு கழுதையை அவிழ்த்துவிட்டு, வேலியோரம் நின்று முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, வீட்டில அச்சாறு போடுறீங்களோ?"

"இல்லை ராத்தா. தபசுகாலத்தில எங்களுக்கு என்ன அச்சாறு?"

"அப்ப ஏன் வினாகிரி மணக்குது? அந்த அறைப் பக்கத்தாலதான் வருது."

மூன்று நாளாக எனக்குச் சளி. மூக்கு அடைத்துக் கிடந்தது. மீன்காரியின் மூக்கு அடைபட்ட நேரம் பார்த்து வந்தது பாருங்கள் வினை! கையில் இருந்த கடகத்தைப் போட்டுவிட்டு அறைக்குள் ஓடினேன். சின்னச் சாடியின் சீலையில் முகத்தை வைத்ததும், அடைத்த மூக்கையும் அது துளைத்துக்கொண்டு போனது.

மாமாவைக் கூப்பிட்டேன். "மாமா, சின்னச் சாடி புளிச்சுப்போச்சு. மற்ற ரெண்டையும் இண்டைக்கே அடைக்கவேணும்."

அவர் குனிந்து மணந்து பார்த்தார். அவருக்கு என்ன மணக்கும்! "நுரையின்ரை மணம் அது" என்றார்.

"நுரை அடங்கி எத்தினை நாள்!"

"மூக்கை நம்பி இந்த வீட்டில சாடி அடைச்சதில்லை, பிள்ளை. சுவரைப் பார். நாக்குச் சொல்லோணும். நாக்குக்குப் பாஸ்கு வரைக்கும் பூட்டு."

"அப்ப சுவாமிக்கு ஆளனுப்பிக் கேப்பம்."

"நேர்த்தி வைச்சது சுவாமியோ? என்ரை பாட்டன்."

சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்துகொண்டார். அவர் முட்டாள் இல்லை. அவருக்கும் பயம்தான். அடைத்தால் வெடிக்கலாம், விட்டால் புளிக்கலாம், ருசித்தால் பாட்டனாரின் வாக்குப் போய்விடும். மூன்று பக்கமும் கதவை அடைத்துவிட்டு நடுவில் குந்தியிருக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆவணி வரை பூசை இல்லாத கோவில்களில் என் வங்காலைக் கோவிலும் ஒன்று. என் அம்மா அங்கே ஒவ்வொரு விடியலும் போய் முழங்காலில் இருக்கிறவர்.

ருசி பார்க்கிற சிரட்டை அறைச் சுவரில் தொங்கியது. வீட்டின் மூத்த ஆண் மட்டும்தான் அதைத் தொடுவது. பழத்தைப் பிழிவது பெண்கள், துணியில் வடிப்பது பெண்கள், சாடி கழுவுவது பெண்கள். நாக்கு மட்டும் ஆண்களுக்கு! நான் சிரட்டையை எடுத்தேன். பட்டப்பகல், கதவு திறந்திருக்கிறது, மாமா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை. சிலுவை போட்டுக்கொண்டு பெரிய சாடியில் ஒரு மிடறு குடித்தேன்.

பயம் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் பிழை செய்கிறேன் என்ற எண்ணம் துளிகூட இருக்கவில்லை. இனிப்பு முழுக்கப் போயிருந்தது. நாக்கின் இரண்டு ஓரமும் இழுத்தது. நடுச் சாடியும் அதே பதம். சின்னச் சாடியைத் தொட்ட சொட்டு நாக்கைச் சுட்டது.

"பெரியது பதம். நடுவிலது பதம். சின்னது வினாகிரி" என்றேன், ஒவ்வொன்றாகக் கைவைத்து.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நேர்த்தியை முறிச்ச நாக்குச் சொல்லுறதை நான் கேக்கவோ?" என்றார். அவ்வளவுதான்.

கேட்காவிட்டால் போகட்டும் என்று வேலையைத் தொடங்கினேன். நடுச் சாடியில் இருந்து அள்ளிப் பெரியதை வாய் முட்ட நிரப்பினேன். பலகை வைத்து, கோவிலில் இருந்து இதற்கென்றே சேர்த்துவைக்கிற மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி அடைத்தேன். நடுச் சாடியில் மிஞ்சியதைக் கொதிநீரில் கழுவிய போத்தல்களில் வார்த்து, தக்கை இறுக்கி, அதற்கும் மெழுகு வைத்தேன். மாமா தடுக்கவில்லை. ஆனால் சின்னச் சாடிக்குக் கிட்டப் போனபோது எழுந்து வந்து அதற்கு முன்னால் நின்றார். தன் கையால் புதுச் சீலை ஒன்று எடுத்து அதன் வாயைக் கட்டினார். அது பாட்டனாரின் சாடி. அது கெட்டுப்போகாது என்று அவர் மனதுக்குள் எழுதி ஒப்பமும் வைத்தாயிற்று.

அன்று தொட்டு மாமா என்னோடு பேசுவதை விட்டார். நான் சமைத்ததைச் சாப்பிடுவார். உப்புக் குறைந்தால் கிணற்றுக்கட்டோடு சொல்வார். தண்ணீர் இறைக்க ஆள் வேண்டுமென்றால் ராத்தாவின் கழுதையோடு சொல்வார். ராத்தா இரண்டொரு தடவை இதைப் பார்த்துவிட்டு, "உங்கட மாமா எங்கட மிருகங்களோட நல்ல சினேகம்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தேன். அந்த மனுஷனோடு ஆறு வருடம் ஒரே பந்தலுக்குக் கீழே நின்றிருக்கிறேன். என் தகப்பனைவிட அவரோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக, "ஐயா சொன்னாச் சரி" என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, "அடைச்சது வெடிச்சதோ?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு றெயிலுக்குப் போனார்.

பெரிய கிழமை வந்தது. சுவாமி பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டு பெரிய நிலத்தில் ஊர் ஊராக நின்றார். புதன்கிழமை பின்னேரம் கோவில் மூப்பர் மாட்டு வண்டியோடு எங்கள் படலைக்கு வந்து, சுவாமியின் கடிதத்தைக் கொடுத்தார். தான் வியாழன் விடியத்தான் தீவுக்கு வருவதாகவும், வந்ததும் பூசை என்றும், மூப்பரிடம் இரசத்தைக் கொடுத்தனுப்பும்படியும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'எதை அனுப்புவது என்று உங்கள் வீடே அறியும். உங்கள் இரசத்தை நான் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. இனியும் பார்க்கமாட்டேன்.'

மாமா அதை இரண்டு முறை வாசித்தார். மூப்பரைப் பந்தலுக்குக் கீழே இருத்திவிட்டு அறைக்குள் போனார். நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

ஒரு பக்கம் நான் நிரப்பிய போத்தல்கள். மறுபக்கம் சின்னச் சாடியும் அதற்குப் பக்கத்தில் ஒரு வெறும் போத்தலும். பெரிய வியாழனுக்குச் சின்னச் சாடிதான் போகவேண்டும். போய், அது வினாகிரியாக இருந்தால் நாளைக்குப் பூசை இல்லை. சுவாமி பீடத்தில் நின்றுகொண்டு அதை வாயில் வைக்கும்போதுதான் தெரியவரும். மாமா அதிலிருந்து அந்தப் போத்தலுக்குள் வார்த்தால், போத்தலைப் பறித்துச் சுவரில் அடிப்பது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாது, வங்காலைக்கு நடக்கவேண்டியதுதான். அதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

அவர் சீலையை அவிழ்த்தார். குனிந்து மணந்தார். ஒன்றும் தெரியவில்லை என்பது முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கியது. பிறகு திரும்பாமலே பேசினார்.

"பிள்ளை, அந்தச் சிரட்டையை எடு."

மூன்று கிழமைக்குப் பிறகு எனக்குச் சொன்ன முதல் சொல். நான் எடுத்துக் கொடுத்தேன். வார்ப்பதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒரு கால் முன்னால் வைத்துவிட்டேன். அவர் சிரட்டை நிறைய அள்ளினார். திருஇருதயப் படத்தை ஒருமுறை பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோய் ஒரே மூச்சில் குடித்தார்.

ஒரு மிடறு போதாதா? சிரட்டை நிறைய! கண்ணால் தண்ணீர் கொட்டியது. இருமல் பிடித்து, சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூப்பர் வெளியில் இருந்து, "என்ன, என்ன?" என்று கேட்டார். மாமா மீசையைத் துடைத்தார். மூச்சு வந்ததும் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நேர்த்தி முறியேல்லை" என்றார். "இது இரசமில்லை. வினாகிரி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாட்டனாரின் வாக்கையும் காப்பாற்றி, என் நாக்கையும் ஒப்புக்கொள்ள அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று கிழமை எடுத்திருக்கிறது. நான் ஒரு போத்தலின் மெழுகை உடைத்து அவருக்கு நீட்டப் போனேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"அது இரசம். பாஸ்கு வரை என்ரை நாக்குக்கு ஏலாது. நீ சொன்னாச் சரி. வண்டியில ஏத்து."

சின்னச் சாடி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பாஸ்கு முடிந்ததும் அவ்வளவும் அச்சாறாயிற்று. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்தேன். வினாகிரியை முதலில் கண்டுபிடித்தவர் ராத்தா. ஆனால் அது எதில் இருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ஆகையால் அவர் தொடவில்லை. அவருக்கு ஒரு கூடை பழம் ஆவணியில் தனியாகப் போனது.

வியாழன் விடிய எல்லோரும் கோவிலுக்குப் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சுவாமி புழுதி படிந்த சப்பாத்தோடு ஓடிவந்து உடுப்பு மாற்றிக்கொண்டார். இரசப் பாத்திரத்தைச் சுவாமி உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்துக்கு அன்றைக்கு மணி அடிப்பதில்லை, மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். பலகைச் சத்தம் கேட்டு எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் குனியாமல் அந்தப் பக்கம் பார்த்தேன். மாமாவும் குனியவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாத்திரத்தில் இருப்பது நல்ல இரசம்தான் என்று அந்தக் கோவிலில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அதைக் குடித்துப் பார்த்தவள். மற்றவர் ஒரு சொட்டும் குடிக்காமல் அவளை நம்பினவர்.